எக்ஸ்பிரஸ் அக்காவும் கிளப் அடுப்பும்

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. ஆனால் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். எக்ஸ்பிரஸ் அக்கா மாடியிலிருந்து இறங்கினால் படிகளில் பாதிதான் அவள் காலில் படும். பேச ஆரம்பித்தால், கேட்பவர் முதல் விஷயத்துக்குத் தலையாட்டி முடிப்பதற்குள் அவள் மூன்றாவதுக்குப் போயிருப்பாள். கடை வரிசையில் முன்னால் நிற்பவரின் கூடையையும் தானே காலி செய்து கொடுப்பாள். உதவி செய்கிற எண்ணமெல்லாம் ஒன்றுமில்லை, மனிதர் சீக்கிரம் நகர வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்காரருக்கு டயர் கடையில் வேலை. அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்டால், "அவ ஓடிப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுவா, நான் உக்காந்து கேட்டுக்குவேன்" என்பார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அக்காவின் அவசரம் அடங்கி நிற்கும். பிசுக்கு. எண்ணெய்ப் பிசுக்கு, கொழுப்புப் பிசுக்கு, கருகிக் கருகி இரும்போடு இரும்பாகிப்போன பிசுக்கு. பள்ளிக்கூட கேன்டீனில் பாத்திரம் தேய்த்தாள், அப்புறம் ஓர் ஓட்டல் சமையலறையில் அடுப்பு துடைத்தாள். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்த வேலையை அவள் குழந்தைக்குத் தலை வாரிவிடுகிற மாதிரி செய்தாள். கருப்புக்கு அடியிலிருந்து வெள்ளி எட்டிப் பார்க்கும்போது அவளுக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை மற்றவர்கள் லாட்டரி விழுந்தால்தான் காட்டுவார்கள்.

இந்தக் கிறுக்கு ஒரு தொழிலாக மாறியதற்குக் காரணம் அடுத்த வீட்டு பஸ் டிரைவர். ஒரு நாள் அவர் தன்னுடைய கேஸ் பார்பிக்யூ அடுப்பைத் தரதரவென்று தெருவில் இழுத்துக்கொண்டு போனார்.

"அண்ணே, எங்க இழுத்துட்டுப் போறீங்க?"

"பழைய இரும்புக்கு. பத்தவே மாட்டேங்குது தங்கச்சி. பத்தினாலும் மஞ்சளா எரிஞ்சு புகையைக் கக்குது. போன தடவ அதுல கருகினது கோழி இல்ல, என் மானம்."

"அதை இங்க வைங்க. நீங்க போங்க."

கம்பித்தட்டைத் தூக்கினாள். அதற்குக் கீழே, நெருப்பின் மேல் கொழுப்பு சொட்டாமல் காக்கிற மடிப்புத் தகடுகள். அதையும் தூக்கினாள். அதற்கும் கீழே பர்னர் குழாய்கள். பாதி ஓட்டைகள் துருவும் கரியும் ஏறி அடைத்துப் போயிருந்தன. ஒரு குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், உள்ளே ஒரு சிலந்தி வலை கட்டி, முட்டையிட்டு, ஜம்மென்று குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. கேஸ் போக வழியில்லாமல் முழி பிதுங்கியது அதனால்தான். அக்கா சிலந்தியை வேலிப் பக்கம் குடி மாற்றினாள். ஒவ்வோர் ஓட்டையாகக் குத்தி எடுத்தாள். எல்லாவற்றையும் பூட்டி, மூடியைத் திறந்து வைத்துப் பற்றவைத்தாள்.

"நீலம்!" என்று அவள் போட்ட கூச்சலில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அவர் அப்படி எழுந்தது அதுதான் முதல் தடவை.

பஸ் டிரைவர் சும்மா இருப்பாரா? டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டார். ஒருத்தர் கூப்பிட்டார், அவர் மச்சினி கூப்பிட்டாள், மச்சினியின் மேனேஜர் கூப்பிட்டார். டயர் கடையில் தூசி படிந்து கிடந்த பழைய வேன் ஒன்று அக்காவின் கைக்கு வந்தது. அதில் வாளி, சுரண்டி, கம்பி பிரஷ், சோப்பு எல்லாம் ஏறின. கூடவே நாத்தனாரும் ஏறினாள்.

நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, ஐஸ் கிடங்கில் மீன் பெட்டி கட்டுகிற வேலையில் இருந்தாள். அங்கே எந்நேரமும் குளிர். வீட்டுக்கு வந்த பிறகும் விரல் நுனிகளுக்கு உயிர் வராது. சட்டைப் பட்டனைக் கழற்ற முடியாமல் அண்ணியிடம் வந்து நின்று, குழந்தை மாதிரி கழுத்தை நீட்டுவாள். "அந்த வேலைய விட்டுத் தொலையேன்டி" என்பாள் அக்கா. "விட்டுட்டு? மழைக்காலத்துல யார் அண்ணி பார்பிக்யூ கழுவக் கூப்பிடுவாங்க?" என்பாள் அவள். அதுவும் நியாயம்தான். மேகம் கறுத்தால் வீட்டு அடுப்புகள் உறையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். விடுமுறை நாட்களில் மட்டும் அவள் அண்ணியோடு வேனில் வந்தாள்.

அண்ணி எவ்வளவு வேகமோ, நாத்தனார் அவ்வளவு சந்தேகம். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சட்டம் இருந்தது, போட்டது நாத்தனார். கம்பித்தட்டை ஒருத்தி பிரஷால் தேய்த்தால், மற்றவள்தான் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இரும்புக் கம்பி பிரஷிலிருந்து எப்போதாவது ஓர் இழை உதிரும். முடி மாதிரி இருக்கும், கண்ணுக்கே தெரியாது. அது கம்பித்தட்டில் ஒட்டிக்கொண்டு, கறியில் ஏறி, ஒருத்தர் தொண்டையில் இறங்கினால் ஆஸ்பத்திரிதான். தேய்த்தவளே துடைத்தால் தன் வேலை தனக்குச் சுத்தமாகத்தான் தெரியும் என்பது நாத்தனாரின் கட்சி. துடைப்பதற்கு அண்ணனின் பழைய வெள்ளைப் பனியன்களைத்தான் எடுப்பார்கள், அந்த நெசவில் கம்பி சிக்கிக்கொள்ளும். கொஞ்சம் நைந்ததுமே பனியன்கள் அலமாரியிலிருந்து காணாமல் போவதைப் பற்றி வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கால்பந்து கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது.

கிளப் என்றால் சும்மா இல்லை. வாராவாரம் ஆட்டம், ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் சுட்ட கறி. மழை பெய்தாலும் கூரைக்கு அடியில் அடுப்பு எரியும். அந்த அடுப்பைப் பராமரிக்கிற வேலை நிலையாகக் கிடைத்துவிட்டால் நாத்தனார் ஐஸ் கிடங்கைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கிளப் செயலாளர் ஒரு முரட்டு ஆசாமி, வணக்கம் சொன்னால்கூட வம்புக்கு இழுப்பது போலத்தான் கேட்கும். "இறுதி ஆட்டத்துக்கு வந்து செஞ்சு காட்டுங்க. அப்புறம் பேசலாம். வாயால அடுப்பு கழுவுறவங்கள நான் நிறைய பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் அக்கா வேனை ஓட்டிய வேகத்தில் வாளிகள் பின்னால் மத்தளம் கொட்டின.

அடுப்பைப் பார்த்ததும் இரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள். ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். மூடியைத் திறந்தால், ஆஹா! உள்பக்கம் கரி பொருக்குப் பொருக்காக உரிந்து தொங்கியது. கொழுப்பு வடிகிற தட்டு விளிம்பு வரை நிறைந்து உறைந்திருந்தது. எவனாவது பெரிதாகத் தீயை வைத்திருந்தால் அந்தத் தட்டே பற்றிக்கொண்டிருக்கும்.

"அண்ணி, இது அடுப்பா, சுரங்கமா?"

"தங்கச் சுரங்கம்டி! பாரு பாரு, எவ்ளோ பிசுக்கு! இத்தன நாளா இது எனக்காகவே காத்துக்கிட்டு இருந்திருக்கு!"

"என்ன, அடுப்பு முன்னாடி நின்னு கும்பிடுறீங்களா?" என்றார் பின்னாலிருந்து செயலாளர். "அது தானா குளிச்சுக்காது."

அக்கா சிலிண்டரை மூடி, குழாயைக் கழற்றித் தள்ளி வைத்தாள். அதோடு அவசரம் விடைபெற்றுக்கொண்டது. கொழுப்புத் தட்டை நாத்தனார் சுரண்டி எடுத்தாள். அக்கா பர்னர்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, உள்ளே நீளப் பிரஷை விட்டு இழுத்து, ஓட்டைகளைக் குத்தி, ஊதி, வெயிலில் பிடித்துப் பார்த்தாள். மைதானத்தில் விசில் கேட்டது, இறுதி ஆட்டம் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு தடவை கூட்டம் கத்தும்போதும் தனக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். நினைத்ததை வாய்விட்டும் சொன்னாள். நாத்தனார் சிரித்துச் சிரித்துச் சுரண்டியைக் கீழே போட்டாள்.

கடைசியாக, வேனுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கம்பித்தட்டுகள். அக்காதான் தேய்த்தாள், கம்பி பிரஷ் பறந்தது. கரி போய், வெள்ளி வந்தது. துடைப்பதற்காக நாத்தனார் பனியன் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

"துடைச்சுக்கிட்டே சொல்லு."

"வேலைய விட்டுட்டேன்."

"எந்த வேலைய?"

"எனக்கென்ன பத்து வேலையா இருக்கு? ஐஸ் கிடங்குதான். நேத்து சூப்பர்வைசர்கிட்ட கையுறையக் கழட்டிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

அக்காவின் கையில் பிரஷ் அப்படியே நின்றது. "அடிப்பாவி! இங்க இன்னும் ஒண்ணுமே உறுதியாகலியேடி!"

"ஆயிடும். உங்க கை பட்ட அடுப்ப எவன் வேணாம்பான்?"

சந்தேகம் பிடித்தவள், வாசல் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவள், தன்னை நம்பி இப்படிக் குதித்திருக்கிறாளே என்று நினைத்தபோது அக்காவுக்குப் பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது ஆனந்தம். பிசுக்குக் கையோடு அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். அந்த நேரம் பார்த்து மைதானத்தில் கோல் விழுந்து, கூட்டம் கூரை அதிரக் கத்தியது. இவர்களும் சேர்ந்து கத்தினார்கள். என்ன கோல், யார் போட்டது, ஒன்றும் தெரியாது.

"இன்னும் முடியலையா?" என்று செயலாளர் குரல் வந்தது. "ஆட்டம் முடியப் போகுது! கறிய என் தலையில வச்சா சுடுறது?"

அவ்வளவுதான், இரண்டு பேரும் விழுந்தடித்துக்கொண்டு பூட்டினார்கள். பர்னர், தகடு, கம்பித்தட்டு. சிலிண்டரை மாட்டி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குனிந்து பார்த்தாள் அக்கா. ஒரு குமிழிகூட இல்லை. மூடியைத் திறந்து வைத்து, சிலிண்டரை மெல்லத் திருகி, பற்றவைத்தாள். வரிசையாக ஒவ்வொரு பர்னரும் குப் குப்பென்று எழுந்தது.

"நீலம்!"

செயலாளர் ஒரு கணம் நெருப்பையே பார்த்தார். "ம்" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டாகத்தான் இருக்க வேண்டும்.

கிளப்பின் சொந்த அணி ஜெயித்துவிட்டது. பெண்கள் அணி. சேறும் வேர்வையுமாகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி வந்தார்கள், பின்னால் அம்மாக்கள், அப்பாக்கள், குஞ்சு குளுவான்கள். கிளப்பின் தாடிக்காரச் சமையல்காரர் சாசேஜ்களைக் கம்பித்தட்டில் வரிசையாக அடுக்கினார். புகை வாசம் மைதானத்தைச் சுற்றி வந்தது. நாத்தனார் ஒரு கூட்டத்தையே கூட்டி வைத்துக்கொண்டு, நெருப்பு ஏன் நீலமாக இருக்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி அக்கா கேட்டதில்லை.

அக்கா சாமான்களை வேனில் ஏற்றப் போனாள். சுரண்டி, வாளி, சோப்பு. வேன் படியில் பனியன் துணி இருந்தது. எடுத்து அழுக்கு வாளியில் போடப் போனவள், நின்றாள்.

துணி வெள்ளையாக இருந்தது. மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை.

கம்பித்தட்டைத் துடைத்திருந்தால் அது கரிக்கட்டையாக அல்லவா இருக்க வேண்டும்? வேலையை விட்டுவிட்டேன் என்று அவள் சொன்னபோது கீழே வைத்த துணி. அப்புறம் அவள் துடைக்கவே இல்லை. இவளும் கேட்கவில்லை. அக்கா பிரஷை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். காலையில் வேனில் ஏற்றும்போது நிறைவாக இருந்த பிரஷ். இப்போது ஓர் ஓரத்தில், பல் விழுந்த மாதிரி, சின்ன இடைவெளி.

சொன்னால் நாத்தனாரின் பிழைப்பில் மண். அதோ, விடிந்துவிட்ட முகத்தோடு நிற்கிறாள். சொல்லாவிட்டால் யாருடைய தொண்டையோ. உட்கார்ந்து யோசித்திருந்தால் அக்கா ஒருவேளை தப்பான முடிவுகூட எடுத்திருப்பாள். கம்பி தரையில்தான் விழுந்திருக்கும் என்று மனசு தனக்குத்தானே வக்கீல் வைத்திருக்கும். ஆனால் அவள் எந்தக் காலத்தில் உட்கார்ந்து யோசித்தாள்? கால் கிளம்பிவிட்டது.

"சாப்பிடாதீங்க! யாரும் சாப்பிடாதீங்க!"

வரிசையின் முதல் ஆளாக, பெரிய உருவமாக, கோல் கீப்பர் பெண் சாசேஜ் வைத்த பன்னை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போயிருந்தாள். அன்றைக்கு ஆட்டம் முழுக்க அவள் கைக்கு வந்த எதையும் யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை. அக்கா பாய்ந்து பன்னைப் பறித்தே விட்டாள்.

பாட்டு நின்றது. எல்லோரும் பார்த்தார்கள்.

"என்ன, புத்தி கித்தி பெசகிருச்சா?" என்றார் செயலாளர்.

"பிரஷ்ல ஒரு கம்பி உதிர்ந்திருக்கு. அடுப்புல இருக்கலாம், கறில ஒட்டியிருக்கலாம். கடைசியா துணி போட்டுத் துடைக்கணும். துடைக்காம விட்டுட்டேன். என் தப்பு."

"இல்ல, அவங்க இல்ல!" கூட்டத்தைப் பிளந்துகொண்டு நாத்தனார் ஓடி வந்தாள். "துடைக்க வேண்டியது நான். நான்தான் விட்டேன்."

"நீ சும்மா இருடி."

"நீங்க சும்மா இருங்க அண்ணி. சட்டம் போட்டது யாரு?"

"பூட்டினது யாரு? பாக்காம பூட்டினது நான்தானே?"

"சண்டைய அப்புறம் போடுங்கம்மா!" என்று கத்திய தாடிக்காரர் அதற்குள் கேஸை அணைத்துவிட்டிருந்தார். சாசேஜ்கள் மொத்தமும் குப்பைத் தொட்டிக்குப் போயின. தொட்டிக்குள் அவை விழுகிற சத்தத்தைக் கேட்டுப் பசியோடு நின்ற கூட்டம் ஒரு பெருமூச்சு விட்டது.

கம்பித்தட்டுகளைக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி ஆற வைத்தார்கள். கண்ணை இடுக்கிப் பார்த்தால் எல்லாக் கம்பியும் உதிர்ந்த கம்பியாகத்தான் தெரிந்தது. அப்போதுதான் அக்காவின் கண்ணில் கோச்சின் பலகை பட்டது. எந்த வீராங்கனை எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுகிற இரும்புப் பலகை. அதில் நம்பர் போட்ட காந்த வில்லைகள்.

"காந்தம்! அதக் குடுங்க!"

"ஐயோ, அது என் சென்டர் பார்வர்டு!" என்றார் கோச்.

"திருப்பித் தர்றேன்! எல்லாரையும் அனுப்புங்க!"

அணி மொத்தமும் காந்தமும் கையுமாகக் கம்பித்தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் தடவினார்கள். பசி மறந்து போய்ப் பெற்றோர்கள் தலைக்கு மேல் தலையாக எட்டிப் பார்த்தார்கள். "இங்க இருக்கு!" என்று ஒருத்தி கத்தினாள், அது துரு. "இதோ!" என்று இன்னொருத்தி, அது அவளுடைய தலை ஊசி. காந்தம் கனமான தட்டோடு ஒட்டி ஒட்டி இழுத்துக்கொண்டு பொறுமையைச் சோதித்தது. கடைசியில், ஆட்டம் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்த மாற்று வீராங்கனையின் வில்லைதான் பிடித்தது. கம்பிகள் சந்திக்கிற ஒரு மூலையில், பிசுக்கில் புதைந்து, தலைமுடி கனத்தில் ஒரு துணுக்கு. வில்லையைத் தூக்கியதும் அது செங்குத்தாக நின்றது.

கோல் கீப்பர் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பிரஷில் இருந்த இடைவெளிக்கு அந்த ஒரு கம்பிதான் கணக்கு. ஆனாலும் அவர்கள் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்தார்கள். நாத்தனார் துடைத்தாள். பனியன் கருப்பானது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் கருப்பானது. குனிந்து துடைத்துக்கொண்டே, "திங்கக்கிழம போய் சூப்பர்வைசர் கால்ல விழுறேன் அண்ணி. திரும்ப எடுத்துக்குவாங்க" என்றாள். அக்கா அடுத்த தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். துடைத்துப் பார்த்து முடிந்ததும் பற்றவைத்தாள், நீலமாகத்தான் எரிந்தது, இந்தத் தடவை அதைக் கூவி அறிவிக்கவில்லை.

தாடிக்காரர் குளிர்பெட்டியில் மிச்சம் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து சுட்டார். வரிசை நகர்ந்தது. பாட்டு மறுபடி எழுந்தது. அக்கா வேனின் கதவைச் சாத்தப் போகும்போது, ஒரு கையில் பன்னும் இன்னொரு உள்ளங்கையில் அந்தக் கம்பித் துணுக்குமாகச் செயலாளர் வந்து நின்றார்.

"பாருங்க இத. இந்தத் துரும்புக்காக ஒரு மைதானத்தையே பட்டினி போட்டுட்டீங்க. ஜெயிச்ச புள்ளைங்க குழாயடியில உக்காந்து கம்பி தேடுதுங்க. முப்பது வருசமா செயலாளரா இருக்கேன், என் அடுப்ப ஒருத்தரும் இப்படி நடுவுல அணைக்கச் சொன்னதில்ல. வர்ற சனிக்கிழம இந்தப் பிரஷத் தூக்கிட்டு வந்தீங்க, வாசல்லயே நிறுத்திருவேன். கம்பி இல்லாததா பாத்து வாங்குங்க. அதுக்கு அடுத்த வாரம் ரெண்டு ஆட்டம். இன்னிக்கு மாதிரி ஆடி அசைஞ்சு வரக் கூடாது."

சொல்லிவிட்டு நடந்தார்.

"எப்படித் திட்டிட்டுப் போறாரு பாத்தீங்களா?" என்று நாத்தனார் கண்ணைத் துடைத்தாள்.

அக்கா கதவைப் பிடித்தபடியே நின்றாள். வாழ்க்கையில் முதல் முறையாக, ஒருத்தர் பேசி முடித்த பிறகு அவர் பேசியதை மெதுவாக, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருடி. என்னைக்கு வரச் சொன்னாரு?"

நாத்தனார் நிமிர்ந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் போட்ட கூச்சலுக்கு மைதானமே திரும்பியது. செயலாளர் மட்டும் திரும்பவில்லை. பன்னைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், வாய் நிறையக் கடித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தார்.